தலைமைப் பயிற்சியாளருக்குத் தெரியாமல் அணிக்குள் ராகிங் நடந்தால் பொறுப்பு யாருடையது?

மூன்றாம் டவுன் எழுதியது:

போன வாரம் நண்பனோடு போட்ட சண்டை இன்னும் தீரவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். பத்து வருடத்துக்கும் மேல் பழைய விஷயம்தான்: 2013 மயாமி டால்ஃபின்ஸ்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காக முன்கதை. ஜொனாதன் மார்ட்டின் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், 2012 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். ஆஃபென்சிவ் லைனில் டேக்கிள். பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் மேல் எதிரணி விழாமல் தடுக்கும் ஐந்து பேரில் ஓரத்தில் நிற்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வரிசையில் டேக்கிளுக்கு அடுத்து நிற்கும் கார்டு இடத்தில் ரிச்சி இன்காக்னிட்டோ, ஊரறிந்த முரடர். 2013 அக்டோபர் 28 அன்று அணியின் சாப்பாட்டறையில் மார்ட்டின் தட்டை எடுத்துக்கொண்டு லைன்காரர்கள் இருந்த மேசையில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். முன்பே பேசி வைத்துக்கொண்ட 'தமாஷ்'. அவர் தட்டைத் தரையில் போட்டுவிட்டு வெளியே நடந்தார். அந்த அணிக்காக அதன்பின் ஆடவே இல்லை.

அப்புறம்தான் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இன்காக்னிட்டோ மார்ட்டினுக்கு விட்டிருந்த வாய்ஸ்மெயில், அதில் இனவசை, கொன்றுவிடுவேன் என்ற பேச்சு. மார்ட்டினின் சகோதரியைப் பற்றியும் தாயைப் பற்றியும் மாதக்கணக்கில் சொன்ன அசிங்கங்கள். தொழில்முறை அணிகளின் லீக்கான என்.எஃப்.எல். நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் 2014 பிப்ரவரி 14 அன்று 144 பக்க அறிக்கை வெளியிட்டார். இன்காக்னிட்டோ, ஜான் ஜெர்ரி, மைக் பவுன்சி மூவரும் மார்ட்டினை மட்டுமல்லாமல் இன்னொரு இளம் லைன்காரரையும், ஜப்பானில் பிறந்த ஓர் உதவி ட்ரெய்னரையும் (ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிப்பவர்) தொடர்ந்து கொடுமைப்படுத்தினார்கள் என்று அதில் இருந்தது. ஐந்தாம் நாள் லைன் கோச் ஜிம் டர்னரும் தலைமை ட்ரெய்னரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஃபில்பினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் உடனே தலையிட்டிருப்பார் என்று அறிக்கையே சொல்லிவிட்டது.

நண்பன் சொல்வது: "கோச்சின் வேலை ஆட்டம். அவர் என்ன ஆயாவா? 53 பேர், எல்லோரும் வளர்ந்த ஆம்பிளைங்க, ஒவ்வொருத்தனும் 130 கிலோ." எனக்கு அது ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லவும் வரவில்லை. தெரியாத ஒன்றுக்கு ஒருவரை எப்படிப் பொறுப்பாக்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இடது டேக்கிள் எழுதியது:

உங்கள் நண்பர் பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். ஃபில்பினைக் கைகழுவுவது சுலபம், ஆனால் அவர் இடத்தில் இருந்து பாருங்கள்.

முதலில், மார்ட்டின் அவரிடம் வந்தார். 2013 சீசன் தொடங்கும் முன்பே தனக்கு மன அழுத்தம் இருக்கிறது என்று ஃபில்பினிடமே பேசினார். ஃபில்பின் அதைத் தட்டிக்கழிக்கவில்லை, மனநல சிகிச்சைக்கு வழி செய்துகொடுத்தார். சக ஆட்டக்காரர்கள்தான் காரணம் என்று மட்டும் மார்ட்டின் சொல்லவில்லை. சொல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது, வெளியிலிருந்து பார்த்தால் மார்ட்டினும் இன்காக்னிட்டோவும் நண்பர்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுஞ்செய்திகள் அனுப்பியிருக்கிறார்கள், அதில் பாதி சிரிப்பும் கூத்தும். மார்ட்டினும் அதே பாஷையில் பதில் போட்டிருக்கிறார். அறிக்கை எழுதியவர்களே இந்த உறவைப் புரிந்துகொள்ளப் பக்கம் பக்கமாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு போட்டி, அதற்கான திட்டம், வீடியோ, ஊடகச் சந்திப்பு, காயப்பட்டியல் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் அதை எப்போது பிரித்துப் பார்ப்பார்?

மூன்றாவது, செய்தி கைக்கு வந்தால் நடவடிக்கை எடுக்கத் தயங்குகிறவர் அல்லர். 2012 ஆகஸ்டில் சாட் ஜான்சன் குடும்ப வன்முறைப் புகாரில் கைதான மறுநாளே அவரை அணியிலிருந்து விடுவித்தார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக காமிரா ஓடிக்கொண்டிருந்தபோதே. பெயர் பெற்ற ஆட்டக்காரர் என்று பார்க்கவில்லை.

நான் பள்ளி, கல்லூரி இரண்டிலும் லைனில் விளையாடியவன். அங்கே நடப்பது கோச் காதுக்குப் போகாது. போகக்கூடாது என்பதுதான் முதல் நாள் கற்றுக்கொள்ளும் பாடம். டால்ஃபின்ஸ் லைனிலும் 'யூதாஸ்' என்ற பேச்சு இருந்ததாக அறிக்கையில் வருகிறது: காட்டிக்கொடுப்பவன் யூதாஸ், அதற்கு அபராதம். இப்படி ஒரு வாய்ப்பூட்டு இருக்கும்போது மேலே இருக்கிறவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

---

பழைய பிசியோ எழுதியது:

இடது டேக்கிள் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. அவர் அவற்றை வைத்து வந்துசேரும் இடம்தான் எனக்குச் சரிப்படவில்லை.

நான் வேறு வகைக் கால்பந்தில், அதாவது காலால் உதைக்கிற கால்பந்தில், ஒரு தொழில்முறை கிளப்பில் சில சீசன்கள் பிசியோவாக வேலை பார்த்தவன். கிளப் பெயர் வேண்டாம். ஆனால் அங்கே பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

ஒரு 19 வயது டிஃபெண்டர் இருந்தான். பயிற்சி பத்து மணிக்கு என்றால் மற்றவர்கள் ஒன்பதேகாலுக்கு வருவார்கள், இவன் எட்டரைக்கே என் அறை வாசலில் நிற்பான். "வலது கணுக்கால் சரியில்லை, டேப் போட்டுவிடுங்க." போட்டுவிடுவேன். முதல் வாரம் அமுக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னேன். வீக்கம் இல்லை, வலி இல்லை, தசைநார் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனாலும் தினமும் வருவான். டேப் போட்டு முடித்ததும் கிட்டை என் அறையிலேயே மாட்டிக்கொண்டு, பூட்ஸ் கயிற்றை மேசை ஓரத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக நேரே மைதானத்துக்குப் போய்விடுவான். மூன்று வாரம் நல்ல கணுக்காலுக்கு டேப் போட்டேன். கிளப் கணக்கில் எத்தனை ரோல் எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

அவன் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போகாமல் இருக்கத்தான் என்னிடம் வந்தான் என்று எனக்குப் புரிய அத்தனை நாள் ஆனது. கிட் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நனைந்த ஜட்டியையும் வெட்டிய சாக்ஸையும் குப்பைத் தொட்டியிலிருந்து எடுப்பவர் அவர்தானே. மூன்று சீனியர்கள், ஓர் அபராத டப்பா. அவன் பேசும் உச்சரிப்புக்கு அபராதம், முடிவெட்டியதற்கு அபராதம், அபராதம் கட்டும்போது முகத்தைச் சுளித்ததற்கு இன்னோர் அபராதம்.

நான் போய்ச் சொன்னது துணைப் பயிற்சியாளரிடம். சிரித்தார். "நாங்களும் இதைத் தாண்டித்தானே வந்தோம், பையன் தேறிடுவான்." அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரியில் பையன் வேறு கிளப்புக்கு லோனில் போனான், திரும்பவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எங்கள் தலைமைப் பயிற்சியாளருக்குத் தெரியுமா? சத்தியமாகத் தெரியாது. நல்ல மனிதர். சீசன் தொடக்கத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, "டிரெஸ்ஸிங் ரூம் உங்களுடையது, போட்டி நாள் தவிர நான் உள்ளே கால் வைக்க மாட்டேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், எல்லோரும் கைதட்டினோம். அந்த மூன்று சீனியர்களுக்கு அது சாவிக்கொத்தைக் கையில் கொடுத்த மாதிரி ஆனது. அவருக்குத் தெரியாமல் போனது தற்செயல் இல்லை. தெரிய வேண்டாம் என்று முதல் நாளே அவர் வாயாலேயே ஏற்பாடு செய்திருந்தார்.

இதை வைத்துக்கொண்டு மயாமியைப் பாருங்கள்.

ஒன்று, அந்த அணியில் ஆட்டக்காரர்கள் தலைமைக் குழு ஒன்று இருந்தது. ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. அதில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இன்காக்னிட்டோ! கீழே நடப்பதை மேலே சொல்ல வேண்டிய வழியிலேயே அந்த ஆள் நிற்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதை. வாக்கு போட்டது ஆட்டக்காரர்கள் என்பது உண்மை, ஆனால் அந்தக் குழுவை நம்பித் தன் காதையும் கண்ணையும் ஒப்படைத்தது தலைமைப் பயிற்சியாளர். இன்காக்னிட்டோ கல்லூரியிலேயே இடைநீக்கம் ஆனவர், முன்பு இருந்த ஓர் அணி சீசன் நடுவில் வெளியே அனுப்பிய ஆள். இதெல்லாம் ரகசியம் இல்லை.

இரண்டு, லைன் கோச். 2012 கிறிஸ்துமஸ் சமயத்தில் டர்னர் தன் லைன்காரர்களுக்குப் பரிசுப் பை கொடுத்தார். அதில் காற்றடைத்த பெண் பொம்மைகள். அறிக்கையில் பெயர் சொல்லாத அந்த இன்னோர் இளைஞருக்கு மட்டும் ஆண் பொம்மை. அவரை 'ஓரினச்சேர்க்கையாளன்' என்று சொல்லித்தான் தினமும் கிண்டல் நடந்துகொண்டிருந்தது, அந்தக் கிண்டலில் கோச்சும் சேர்ந்துகொண்டார். விசாரணையில் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றாராம். மார்ட்டின் போன பிறகு அதே டர்னர் மார்ட்டினுக்குச் செய்தி அனுப்பி, இன்காக்னிட்டோவை டிவியில் கிழிக்கிறார்கள், நீ ஒரு வார்த்தை சொன்னால் நிற்கும், சரியானதைச் செய் என்று நெருக்கினார். மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்த பையனிடம்!

நடத்தை விதிகள் அந்த அணியின் கையேட்டில் எழுதித்தான் வைத்திருந்தார்கள், ஆட்டக்காரர்கள் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரியைத் தன் குழுவில் வைத்திருந்தவர், அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியவர் யார்?

மூன்று, இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்: அந்த உதவி ட்ரெய்னர். ஆட்டக்காரர்களாவது 130 கிலோ, திருப்பி அடிக்கலாம் என்று பேசுவீர்கள். இந்த மனிதர் மருந்துப்பெட்டியோடு தண்ணீர் பாட்டிலோடு ஓடுகிறவர். 2012 டிசம்பர் 7, அதாவது ஜப்பான் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதன் நினைவு நாளன்று, இன்காக்னிட்டோ, ஜெர்ரி, பவுன்சி மூவரும் ஜப்பானிய உதயசூரியன் போட்ட தலைப்பட்டை கட்டிக்கொண்டு அவரைச் சீண்டினார்கள். அது மூடிய அறைக்குள் ரகசியமாக நடக்கிற காரியமா? நான் பார்த்த வரையில் ட்ரெய்னர் அறை என்பது சந்தை, பத்து நிமிடத்துக்கு ஒருவர் உள்ளே வந்து போவார்.

ஃபில்பின் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தும் மறைத்தார் என்றும் சொல்லவில்லை. அறிக்கை கேட்ட கேள்வி "தெரியுமா, தெரியாதா" என்பது. ஒரு பையன் வாயைத் திறக்காவிட்டாலும் விஷயம் வந்து சேருவதற்கு அவர் என்ன வழி வைத்திருந்தார் என்றுதான் நான் கேட்பேன்.

---

மூன்றாம் டவுன் எழுதியது:

பழைய பிசியோ சார், நன்றி. நல்ல கணுக்காலுக்கு டேப் போட்ட கதையை நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். "அது உதைக்கிற ஃபுட்பால், இது வேற" என்று பதில் வந்திருக்கிறது. சரி, அவன் அப்படித்தான்.

அபராதம் என்று நீங்கள் சொன்னதும் அறிக்கையில் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். மயாமி லைன்காரர்களிடம் ஓர் அபராதப் புத்தகமே இருந்தது, பொறுப்பு இன்காக்னிட்டோவிடம். மார்ட்டின் வெளியேறிய பிறகு அதில் அவர் எழுதிய வரி: மார்ட்டினை 'உடைத்ததற்காக' தனக்குத் தானே ஓர் அபராதம். இன்னொருவருக்கு 'முதலில் உடையாமல் இருந்ததற்காக' போனஸ். நவம்பர் மூன்றாம் தேதி இன்காக்னிட்டோவை அணி இடைநீக்கம் செய்த அன்றே, அந்தப் புத்தகத்தை ஒழித்துவிடு என்று பவுன்சிக்குச் செய்தி. ஒழிக்கவில்லை, விசாரணைக் குழுவிடம் சிக்கியது. விளையாட்டுக்குச் செய்தோம் என்கிறவன் கணக்குப் புத்தகத்தை ஏன் அழிக்கச் சொல்கிறான்?

நேரடியாக ஒரு கேள்வி: அபராத டப்பா எல்லா அணியிலும் இருக்கிறதுதானே? அதையே தடை செய்ய வேண்டும் என்கிறீர்களா?

---

பழைய பிசியோ எழுதியது:

தடை செய்தால் வேறு பெயரில் வரும். அடுத்து நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த பயிற்சியாளர் டப்பாவை எடுக்கவில்லை, சுவரில் ஒட்டினார். என்னென்ன தவறுக்கு எவ்வளவு என்று ஒரே தாள்: தாமதம், பயிற்சியில் போன் அடிப்பது, கிட்டை மறப்பது. அவ்வளவுதான், ஏழெட்டு வரி. கீழே கேப்டன் கையெழுத்து, பக்கத்தில் அவர் கையெழுத்து. தாளில் இல்லாததற்குப் பணம் வாங்கினால் வாங்கியவன் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் டப்பாவை அவர் முன்னால் எண்ணுவார்கள். அவரே ஒருமுறை தாமதமாக வந்து காசு போட்டார், அன்றைக்கு இருந்த சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம், திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு முன்னால் கிட் அறைக்குப் போய்க் காபி குடிப்பார். கேள்வி எல்லாம் கேட்க மாட்டார், கிட்காரர் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து நிமிடத்தில் வார விவரம் முழுவதும் வந்துவிடும். பஸ்ஸில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் பக்கத்து இருக்கை மட்டும் தொடர்ந்து காலியாக இருக்கிறது என்று துணைப் பயிற்சியாளரைக் கவனிக்கச் சொல்வார். காசு செலவில்லாத வேலைகள். போட்டித் திட்டத்திலிருந்து அரைமணி நேரம்கூட இதற்குப் போகாது.

என் பழைய கிளப்பில் சாப்பாட்டு மேசை எப்படிப் பிரிந்திருந்தது என்று கேட்டிருந்தால் சமையல்காரர்கூடச் சொல்லியிருப்பார்.

---

மூன்றாம் நடுவர் எழுதியது:

பொறுப்பு என்ற சொல்லை எல்லோரும் ஒரே அர்த்தத்தில் பயன்படுத்துகிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. நான் கொஞ்சம் விதிப் பக்கம் வருகிறேன்.

மயாமி விவகாரத்துக்கு ஒன்றரை வருடம் முன்னால், 2012 மார்ச்சில், இதே லீக் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை ஒரு சீசன் முழுவதும் இடைநீக்கம் செய்தது. 2009 முதல் 2011 வரை எதிரணி ஆட்டக்காரர்களைக் காயப்படுத்தினால் பணம் என்ற திட்டம் அந்த அணியில் ஓடியதாகக் குற்றச்சாட்டு. நடத்தியது டிஃபென்ஸ் கோச் கிரெக் வில்லியம்ஸ். பொது மேலாளர் மிக்கி லூமிஸுக்கு 8 போட்டித் தடை, அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம், இரண்டு டிராஃப்ட் தேர்வுகள் பறிபோயின. உனக்குக் கீழே நடந்தால் நீயும் பொறுப்பு என்பதுதான் லீக் நிலைப்பாடு. இன்னும் சுவாரசியம், ஆட்டக்காரர்களுக்கு விதித்த தண்டனைகளை அந்த டிசம்பரில் லீக்கின் முன்னாள் கமிஷனர் (தலைமை நிர்வாகி) பால் டாக்லியாபூ மொத்தமாக ரத்து செய்தார். கோச்சுகளும் நிர்வாகமும் வளர்த்துவிட்ட பழக்கம் என்பது அவர் பார்வை.

அந்த அளவுகோலை மயாமிக்கு வைத்தால் ஃபில்பின் தப்பியிருக்க மாட்டார். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். செயின்ட்ஸுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போயிருந்தது, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை என்பது லீக்கின் வாதம். ஃபில்பினுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததாக யாரும் சொல்லவில்லை.

கல்லூரி ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணியின் ராகிங் கதையைப் பாருங்கள், இது தொழில்முறை இல்லைதான், ஆனால் கேள்வி அதேதான். 2023 ஜூலை 7 அன்று தலைமைப் பயிற்சியாளர் பேட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இரண்டு வாரச் சம்பளமில்லா இடைநீக்கம். கோச்சுகளுக்குத் தெரிந்திருந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை, ஆனால் கண்டுபிடித்திருக்கப் போதுமான வாய்ப்புகள் இருந்தன என்று விசாரணை சொன்னது. மறுநாள் மாணவர் பத்திரிகையில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரின் விவரணை வந்தது, ஜூலை 10 அன்று வேலையே போய்விட்டது. 17 சீசன் இருந்தவர். அவர் 13 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2025-இல் சமரசம் ஆனது. எந்த ஆட்டக்காரரும் அவரிடம் புகார் சொன்னதாகச் சான்று இல்லை என்று பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது.

தெரியாததற்காக வேலையைப் பறித்தால் வழக்கில் நிற்பது கடினம், இது ஒரு பக்கம். விசாரணை சொன்ன அந்தச் சொற்றொடர், 'கண்டுபிடித்திருக்கப் போதுமான வாய்ப்புகள்', பழைய பிசியோ கேட்கும் அதே கேள்விதான், இது மறு பக்கம்.

மயாமியில் என்ன ஆனது என்பதையும் முடித்துவிடுகிறேன். பொது மேலாளர் ஜெஃப் ஐர்லண்ட் 2014 ஜனவரியில் போனார். மார்ட்டின் மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டார், அங்கே அவருடைய பழைய ஸ்டான்ஃபோர்ட் கோச் ஜிம் ஹார்பா இருந்தார். 2015-இல் முதுகுக் காயத்தோடு ஓய்வு. இன்காக்னிட்டோ அதே 2015-இல் பஃபலோவில் ஆடி மூன்று வருடம் தொடர்ந்து புரோ பவுலுக்கு, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலுக்கு, தேர்வானார். ஃபில்பின் 2014 முழுவதும் நீடித்தார். 2015 அக்டோபர் 4 அன்று லண்டன் வெம்ப்ளியில் நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 27-14 என்று தோற்றதும் மறுநாள் நீக்கம். நான்கு போட்டியில் மூன்று தோல்வி என்பதற்காக.

---

இடது டேக்கிள் எழுதியது:

வெம்ப்ளி விஷயம் உண்மையில் வலிக்கிறது. ஸ்கோர்போர்டுக்குக் கணக்கு கேட்டார்கள், சாப்பாட்டறைக்குக் கேட்கவில்லை.

ஃபில்பினுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: அறிக்கை வந்த பிறகு அவர் ஊடகங்கள் முன் நின்று, வேலையிடச் சூழலுக்குத் தான்தான் பொறுப்பு என்று சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதைச் சேர்க்காமல் விட்டால் அநியாயம்.

ஆனால் பிசியோ சார் கேட்டதை நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். நான் லைனில் இருந்தபோது எங்கள் லைன் கோச்சுக்கு எல்லாம் தெரியும். ஜூனியர்கள் ஐஸ் தொட்டியில் உட்காரவைக்கப்படுவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார். தலைமைப் பயிற்சியாளர் அந்தப் பக்கமே வந்ததில்லை. நல்லவர் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானும் இரண்டாம் வருடம் ஜூனியர்களை உட்காரவைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

என் முதல் பதிவில் "சொல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது" என்று கேட்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றவை அப்படியே இருக்கட்டும்.

ஒன்று கேட்கலாமா பிசியோ சார், கோபிக்காதீர்கள். துணைப் பயிற்சியாளர் சிரித்துவிட்டார் என்றீர்கள். நீங்கள் ஏன் தலைமைப் பயிற்சியாளரிடம் நேரே போகவில்லை?

---

பழைய பிசியோ எழுதியது:

கோபம் எதற்கு, யாராவது கேட்பார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

என் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். துணைப் பயிற்சியாளரைத் தாண்டிப் போனால் அடுத்த வருடம் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்ற பயம் ஒன்று. அந்த மூன்று சீனியர்களில் ஒருவர் கேப்டன், தினமும் என் மேசையில் முழங்காலை நீட்டிக்கொண்டு படுக்கிறவர். நான் சொன்னேன் என்று தெரிந்தால் என் அறைக்கு எவனும் வாய் திறந்து வர மாட்டான், காயத்தை மறைப்பான் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

அந்த சீசன் கடைசியில் தலைமைப் பயிற்சியாளர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "அந்தப் பையன் ஏன் இங்கே ஒட்டவே இல்லை? கணுக்கால் தொந்தரவுதானா?" நான் எழுதிக்கொடுத்த சிகிச்சைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார். மூன்று வாரமும் 'வலது கணுக்கால், டேப்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

"ஆமாம்" என்றேன். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஓர் ஐஸ் மெஷின்தான் இருந்தது.